இப்பவே பட்டாசா? மலிவு யாருக்கு, ஆபத்து யாருக்கு?

தாம்பரம்: ஆடித் தள்ளுபடி போர்டு இறங்கியதும் தீபாவளி போர்டு ஏறிவிடுகிறது. துணி, ஸ்வீட் என்றால் பர்ஸுக்குத்தான் சேதம். பட்டாசு அப்படி அல்ல. சீக்கிரமே விற்க வேண்டுமானால், அதற்கும் முன்பே சரக்கை இறக்கி எங்கேயாவது அடுக்க வேண்டும். அந்த 'எங்கேயாவது' உங்கள் பக்கத்து வீடாக இருந்தால்?

36 நாள் முன்பே!

2023-ல் தீபாவளி நவம்பர் 12-ந் தேதி. அக்டோபர் 7-ந் தேதியே, ஓசூரை அடுத்த கர்நாடக எல்லை அத்திப்பள்ளியில், பட்டாசு குடோனில் சரக்கு இறக்கும்போது தீப்பிடித்தது. அன்றே 14 பேர் கருகி மாண்டனர். பலரும் சீசன் வேலைக்குப் போன தமிழக வாலிபர்கள்.

சட்டம் என்ன?

2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிப்படி, தற்காலிகக் கடையின் கொட்டகை தீப்பற்றாத பொருளால் இருக்க வேண்டும். கடைக்குக் கடை 3 மீட்டராவது இடைவெளி வேண்டும். எதிரெதிரே கடை போடக்கூடாது. திருநீர்மலை, பம்மல் சந்துகளில் இதற்கு இடம் ஏது?

நாலு காசு மிச்சம் என்று கை நீட்டும் முன், "லைசென்ஸ் எங்கேப்பா?" என்று கேளுங்கள். பதில் வரவில்லையா? நடையைக் கட்டுங்கள்!