கதை விளையாட்டின் கர்த்தாக்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கி வருவோர் புதுச்சேரி எல்லைக்குள் முதன்முதல் புகும் ஊர் கனகசெட்டிக்குளம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இவ்வெல்லையைத் தாண்டினால் சட்டம் மாறும், வரி மாறும், நீதிஸ்தலத்தின் பாஷையும் மாறும். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறிய பின்னரும் அவ்வெல்லை முற்றும் அழிந்துபோய்விடவில்லை. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கும் பொருட்டுத் தமிழ்நாட்டுச் சட்டசபை 2022-ல் நிறைவேற்றி, கவர்னர் திருப்பியனுப்பியபின் 2023-ல் மறுபடியும் நிறைவேற்றிய சட்டம், இவ்வூருக்கு வடக்கே உள்ள எல்லையோடு நின்றுவிட்டது. 2025 ஆகஸ்டு மாதத்தில் பாராளுமன்றம் இரண்டே நாட்களில் நிறைவேற்றி, 22ஆம் தேதி ஜனாதிபதியின் சம்மதம் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டமோ எல்லைக்கு இருபுறத்தையும் ஒன்றாகவே தழுவி நிற்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை அது அடியோடு விலக்குகிறது. அதை எதிர்த்து வழக்குகளும் தொடுக்கப்பட்டன.

சூதாட்டத் தடையை நாம் ஆதரிக்கிறோம். ரம்மி முதலிய ஆட்டங்களில் குடும்பப் பொருளைத் தோற்று உயிரையே மாய்த்துக் கொண்டவர்களின் செய்திகளை அச்சிட்டு அலுத்த பத்திரிகைகளில் நமதும் ஒன்று. ஆனால் இவ்விவாதம் நடந்த சில ஆண்டுகளில், கேட்பாரின்றி ஒரு தீங்கு விளைந்திருக்கிறது. ‘கணினி விளையாட்டு’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்திலேயே தாய்தந்தையர் முகம் சுளிக்கும் நிலை வந்துவிட்டது. சீட்டுக்கட்டும், துப்பாக்கிச் சண்டையும், கதை சொல்லும் விளையாட்டும் அவர்கள் கண்ணுக்கு ஒன்றே. பதரைத் தூற்றுகிறவர்கள் முறத்தில் நெல்லும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டாமா?

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். போட்டி விளையாட்டு, பொழுதுபோக்கு விளையாட்டு, பண விளையாட்டு என்று மூன்று பகுதிகளாக அது பிரிக்கிறது. நாம் இங்கே பிரஸ்தாபிக்கும் கதை விளையாட்டோ பெரும்பாலும் ஒருவர் தனித்திருந்து, ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, புத்தகம் வாசிப்பதுபோல் ஆடி முடிப்பது. பலவற்றுக்கு இணையமே வேண்டியதில்லை. ஆகவே அம்மூன்று பகுதிகளில் எதிலும் அது நேராக அடங்குவதாகத் தெரியவில்லை. குற்றப் பட்டியலில் அதன் பெயர் இல்லாதது நல்லதே. மரியாதைக்குரியவற்றின் பட்டியலிலும் இல்லாததே நமது குறை.

இக்கலையின் பிறப்பு வேடிக்கையானது. அமெரிக்காவில் வில் குரவுதர் என்னும் கணினி நிபுணர் ஓய்வு நேரங்களில் கெண்டக்கி மாகாணத்துப் பெருங்குகைகளுக்குள் புகுந்து வழி கண்டு படம் வரைபவர். மனைவியைப் பிரிந்தபின் தம் பெண் குழந்தைகளை மகிழ்விக்க எண்ணி, 1976ஆம் ஆண்டளவில், அக்குகையையே சொற்களால் கணினிக்குள் கட்டினார். படம் கிடையாது, ஓசை கிடையாது. ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்று எழுதினால் அடுத்த காட்சி எழுத்தாகவே வரும். மறு ஆண்டு டான் உட்ஸ் என்பவர் அதை விரித்தார். 1980-ல் ராபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண்மணி தம் கணவருடன் சேர்ந்து அத்தகைய கதைக்குப் படமும் சேர்த்தார்.

அதே 1980-ல் வெளிவந்த மற்றொரு விளையாட்டின் சரித்திரத்தை நேயர்கள் அவசியம் அறியவேண்டும். அட்டாரி என்னும் கம்பெனி அக்காலத்தில் விளையாட்டை இயற்றியவரின் பெயரை எங்கும் வெளியிடுவதில்லை. லட்சக்கணக்கில் விற்றாலும் இயற்றியவர் சம்பளக்காரர், அவ்வளவுதான். வாரன் ராபினெட் என்பவர் ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டை அக்கம்பெனிக்காகத் தனியொருவராய் இயற்றினார். யாரும் அறியாமல் அதற்குள் ஒரு மறைவறையை அமைத்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரே ஒரு புள்ளியைத் தேடி எடுத்து வருபவருக்கு மட்டும் அவ்வறை திறக்கும்படி செய்து, அதன் நடுவே ‘இதைப் படைத்தவர் வாரன் ராபினெட்’ என்று எழுதி வைத்தார். சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்கே கடிதம் எழுதியபோது ராபினெட் வேலையைவிட்டு விலகிப் போயிருந்தார். பாட்டின் இறுதியில் தன் பெயரைப் பொறித்துச் செல்லும் உரிமை நம் நாட்டுப் பாணனுக்கும் பதம் பாடியவனுக்கும் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் கணினிக் கலைஞனோ தன் பெயரைத் திருட்டுத்தனமாய்ப் புதைத்துவைக்க வேண்டியிருந்தது! அதே கம்பெனியிலிருந்து 1979-ல் நால்வர் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற புதுக் கம்பெனியைத் தொடங்கியதற்கும், ஊதியக் குறைவோடு இப்பெயர் மறுப்பும் காரணமாகும்.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். 2023 ஜூலை 31ஆம் தேதி கனடா தேசத்து டொராண்டோ நகரிலிருந்து ‘வெண்பா’ என்ற விளையாட்டு வெளிவந்தது. இயற்றிய குழுவின் பெயர் விசை கேம்ஸ். அதை நடத்தியவர் அபி என்னும் தமிழர். சித்திரங்களுக்குப் பொறுப்பு சாம் எல்கானா. புலவரையும் அச்சுறுத்தும் யாப்பின் பெயரே அதன் நாயகியின் பெயர். 1980-களின் இறுதியில் கணவன் பாவலனுடன் கனடாவில் குடியேறிய வெண்பா, குளிரிலும் தனிமையிலும் ஒரு மகனைப் பெற்று வளர்க்கிறாள். தாய் கொடுத்தனுப்பிய சமையற்குறிப்புப் புத்தகம் ஒன்று அவளிடம் இருக்கிறது. அது கிழிந்தும் மை கலைந்தும் கிடக்கிறது. அழிந்துபோன வரிகளை ஊகித்து, இட்டிலியும் புட்டும் பிரியாணியும் சமைத்து முடிப்பதே ஆடுபவரின் வேலை.

இட்டிலித் தட்டுகளை எந்த முறையில் அடுக்கினால் ஆவி மேலேறும் என்று டொராண்டோவிலும் டோக்கியோவிலும் அந்நியர்கள் உட்கார்ந்து யோசித்ததை எண்ணினால் நமக்குச் சிரிப்பும் வருகிறது, பெருமையும் வருகிறது. ஆனால் இதன் அருமை சமையலில் இல்லை. மகன் கவின் வளர வளர வீட்டுப் பாஷை அவன் நாவைவிட்டு நழுவுகிறது. பின்னொரு நாள் அவனே அப்புத்தகத்தைப் பிரித்துத் தாய் சமைத்ததைச் சமைக்க முயல்கிறான். தமிழ் எழுத்தை அவனால் சரிவரப் படிக்க முடியவில்லை. இதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் நாம் இரங்கியிருப்போம். சினிமாவாக எடுத்திருந்தால் கண்ணீர் விட்டிருப்போம். விளையாட்டிலோ தடுமாறுவது நமது கை. பக்குவம் தவறுவது நம்மால். தாய்மொழியை இழந்த பிள்ளையின் வெட்கத்தை வெளியே நின்று பார்க்காமல் அவன் இடத்திலேயே நின்று அநுபவிக்கிறோம். கூத்துக்கும் காவியத்துக்கும் கைகூடாத ஒரு சக்தி இது. இதைக் கண்டு கையாளத் தெரிந்தவரைக் கவி என்றே அழைக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

முழுவதும் ஆடி முடிக்க இரண்டு மணி நேரம் கூட ஆகாத இச்சிறு படைப்பு, 2024-ல் சுயேச்சை விளையாட்டுகளுக்கான விழாவில் முதற்பரிசாகிய சியூமஸ் மக்நாலி பரிசையும், பிரிட்டிஷ் அகாடமியின் முதற்படைப்புப் பரிசையும் பெற்றது. பெரிய ஸ்தாபனங்கள் பல நூறு பேரை வைத்துப் பல நூறு கோடி செலவிட்டுச் செய்தவை எதிரே நின்ற காலத்தில் ஒரு சிறு குழு அடைந்த வெற்றி இது. ஆயினும் தாயகத்தில் தெருவுக்குத் தெரு சினிமா நடிகரின் பிறந்தநாளுக்குப் பந்தல் போடும் நம்மில் எத்தனை பேர் இக்குழுவினரின் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

பூனா நகரத்து நாடிங் ஹெட்ஸ் குழுவினரின் ‘ராஜி’ மற்றொரு சான்று. தம்பியை அசுரர்கள் கவர்ந்து செல்ல, அவனைத் தேடிப் புறப்படும் பெண்ணொருத்தியின் கதை அது. பஹாடிச் சித்திர மரபையும் தோற்பாவைக் கூத்தின் நிழலுருவையும் அதில் அமைத்தவர்கள் சுருதி கோஷ், அவிசல் சிங், இயன் மாட் முதலியோர். 2017-ல் பொதுஜனங்களிடம் இணையம் மூலம் முன்பணம் திரட்ட முயன்று போதிய தொகை கிடைக்காமல் தோற்றார்கள். அவர்கள் அதோடு விட்டுவிடவில்லை. 2020-ல் விளையாட்டு வெளிவந்து, அவ்வாண்டின் சிறந்த முதற்படைப்புக்கான உலகப் பரிசுப் பட்டியலில் இடம் பெற்றது. பரிசு வேறொருவருக்குப் போயிற்று என்பது வேறு விஷயம்.

இவ்விரண்டையும் நாம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மத்திய சர்க்கார் 2022 வரவுசெலவுத் திட்டத்திலேயே அனிமேஷன், விளையாட்டு முதலிய தொழில்களை வளர்க்கக் குழு அமைப்பதாகக் கூறினர். அதன்பின் நடந்த பிரசங்கங்களில் எல்லாம் கோடிக் கணக்கும் வேலை எண்ணிக்கையுமே ஒலிக்கின்றன. படைப்பாளி என்ற சொல் அருமையாகவே கேட்கிறது. நம் நாட்டில் இத்தொழில் வளர்ந்த வரலாறும் அப்படியே. 1997-ல் ராஜேஷ் ராவ் பெங்களூரில் தொடங்கிய துருவா என்னும் ஸ்தாபனம் அந்நிய தேசத்து விளையாட்டுகளுக்குச் சித்திர வேலை செய்து கொடுத்துப் பெயர் பெற்றது. 2019-ல் ராக்ஸ்டார் என்ற மேனாட்டுக் கம்பெனி அதை வாங்கித் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. திறமைக்குக் குறைவில்லை, கதை மட்டும் நம்முடையதல்ல. நம் பருத்தி மான்செஸ்டருக்குக் கப்பலேறித் துணியாகத் திரும்பிவந்த கதையை நம் முன்னோர் அறிவார்கள். இன்று கப்பலேறுவது பருத்தியல்ல, விரலின் நேர்த்தி.

கூலி வேலை உறுதியானது என்று எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரி மாதத்தில் பாரிஸைத் தலைமையாகக் கொண்ட டெக்னிகலர் குழுமம் வீழ்ந்தபோது பெங்களூரிலிருந்த அதன் காரியாலயமும் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான சித்திரக்காரர்கள் வேலையிழந்து நின்றனர். ஒப்பந்தம் எங்கோ கையெழுத்தாகும், கதவு இங்கே சாத்தப்படும். சொந்தக் கதையும் சொந்தப் பெயரும் உள்ள சிறு குழு இப்புயலுக்குத் தப்பிவிடும் என்று நாம் ஜாமீன் கொடுக்க முடியாது. ஆனால் அதனிடம் விற்பதற்கு ஏதேனும் மிச்சமிருக்கும்.

பாரிஸைப் பற்றிப் பேச்சு வந்ததால் புதுச்சேரிவாசிகளுக்கு மற்றொன்றையும் நினைவூட்டுகிறோம். நடிகர் திலகம் சிவாஜி கணேசனுக்குப் பிரெஞ்சு சர்க்கார் ‘செவாலியே’ பட்டம் அளித்தபோது தமிழ்நாடே திருவிழாக் கொண்டாடியது. பிறகு கமல்ஹாசனுக்கும் அப்பட்டம் வந்தது. கலை இலக்கியங்களுக்கென ஏற்பட்ட அதே வரிசையில் 2006-ல் மூன்று விளையாட்டுக் கர்த்தாக்களையும் பிரெஞ்சு சர்க்கார் சேர்த்தனர். ஜப்பானிய ஷிகெரு மியாமோட்டோ ஒருவர். மிஷேல் ஆன்செல், பிரெதரிக் ரெய்னால் இருவரும் பிரெஞ்சுக்காரர். நடிப்பைக் கௌரவித்த கையே விளையாட்டு இயற்றியவரையும் கௌரவித்தது. இன்றளவும் இங்கே பிரெஞ்சுத் தெருப் பெயர்களைத் துலக்கி வைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணிகளிடம் காட்டுகிறோமே, அத்தேசத்தாரிடமிருந்து கற்கத்தக்க இந்த ஒன்றை மட்டும் ஏன் விட்டுவிட்டோம்?

கலைஞனை இகழ்வதும் பிறகு கொண்டாடுவதும் நமக்குப் புதிதன்று. நாடகக்காரனுக்குக் குடியிருக்க வீடு கொடுக்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. கூத்துப் பார்த்தால் பிள்ளை கெடுவான் என்று அன்றைய பெரியோர் சொன்னதற்கும், இன்று கைப்பேசியைப் பிடுங்கும் தகப்பனார் சொல்வதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அந்நாடகத்துக்கு உயிர்கொடுத்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் இப்புதுச்சேரியிலேயே காலமானார். கனகசெட்டிக்குளத்துக்கு அடுத்த காலாப்பட்டில், 1985-ல் ஏற்பட்ட புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதே வளாகத்தில் கணினி விஞ்ஞானமும் கற்பிக்கப்படுகிறது. நாடகம் எழுதப் பயிலும் மாணவனும் கணினிக்கு ஆணை எழுதப் பயிலும் மாணவனும் ஒரே மரத்தடியில் தேநீர் குடிக்கிறார்கள். அவ்விருவரையும் ஒரு மேஜையில் உட்காரவைத்து, ஆண்டுக்கு ஒரு கதை விளையாட்டாவது தமிழில் இயற்றச் செய்வதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. துணைவேந்தரின் ஒரு கையெழுத்தும் இரண்டு ஆசிரியர்களின் உற்சாகமும் போதும்.

கதைக்குப் பஞ்சமும் இல்லை. கனகசெட்டிக்குளத்துச் செம்படவச் சிறுவர்கள் மாலை வேளைகளில் கரையேற்றிய படகுகளின் நிழலில் அமர்ந்து கைப்பேசியில் ஆடும் ஆட்டங்கள் எல்லாம் எங்கோ உள்ள பாலைவனத்திலும் பனிக்காட்டிலும் நடக்கின்றன. வாடைக்கும் கொண்டலுக்கும் சோழகத்துக்கும் கச்சானுக்கும் கடல் எப்படி மாறும், எந்த நீரோட்டத்தில் வலை விடலாம், எதில் விடலாகாது என்பதை அச்சிறுவர்களின் பாட்டனார் சொல்லுவார். 2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை இக்கடற்கரையில் என்ன நடந்தது என்பதை அவர்களுடைய தாய்மார் சொல்லுவார்கள். ஒருபுறம் பிரெஞ்சுச் சட்டமும் மறுபுறம் ஆங்கிலச் சட்டமும் இருந்த எல்லையில் வாழ்ந்த கதையைச் சொல்லக்கூடியவர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நாளைக்கு இருப்பார்களென்று சொல்வதற்கில்லை.

புதுச்சேரி சர்க்கார் இயலுக்கும் இசைக்கும் நாடகத்துக்கும் கலைமாமணி விருது வழங்கிவருகின்றனர். அதில் விளையாட்டு இயற்றுவோருக்கும் ஒரு பிரிவு ஏற்படுத்தவேண்டும் என்று கோருகிறோம். தமிழ்நாட்டு சர்க்காரும் தங்கள் விருதுப் பட்டியலில் அவ்வாறே செய்யலாம். முதல் விருதைக் கடல் கடந்து டொராண்டோவுக்கு அனுப்பினால் நமக்கு ஆட்சேபமில்லை.