தோல் செருப்பைக் கொல்வது மழையா?

ஐப்பசி மழை பிடித்தால் மதுரையில் பலர் தோல் செருப்பை மூலையில் போட்டுவிட்டு ரப்பருக்கு மாறிவிடுகிறார்கள். தோல் தண்ணிக்கு ஆகாதாம். பாதிதான் உண்மை! மழையை விட, மழைக்குப் பிறகு காட்டும் அவசரம்தான் தோலைக் கெடுக்கிறது.

நனைந்ததை வெயிலிலோ அடுப்போரத்திலோ காயவைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். பழைய பேப்பரைத் திணித்து நிழலில் உலர்த்தி, லேசாக விளக்கெண்ணெய் தடவினால் போதும். அடுத்த மழைக்கு முன் தையலிலும் அடிப்பாக ஓரத்திலும் தேன்மெழுகு தேய்க்க வேண்டும். தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். பனித்தளத்தில் சறுக்கி ஆடுபவர்களும் தோல் பூட்ஸின் அடிப்பாகத்தைத்தான் முக்கியமாகக் காப்பாற்றுகிறார்கள். உருகிய பனி திருகாணித் துளை வழியே இறங்கினால் அடித்தோல் அழுகும், திருகாணி துருப்பிடிக்கும்.

ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட நாடு இது. தோலுக்குப் பேர்போன திண்டுக்கல் சுமார் 60 கிலோமீட்டர்தான். அப்படியிருந்தும் ஒரே மழையில் செருப்பு குப்பைக்குப் போகிறது!

தெருமுனையில் குடைக்கடியில் செருப்பு தைப்பவரிடம் கேட்டால் இந்த வைத்தியம் கிடைக்கும். புதுச் செருப்பு விலையில் கொஞ்சம் அவருக்குக் கொடுத்தால் செருப்பும் பிழைக்கும், அவர் தொழிலும் பிழைக்கும்.