லோகநாதன் ஆறுமுகம்: மலாய்ப் பாட்டில் தமிழர் பங்கு

பினாங்கைச் சேர்ந்த 'அலிகேட்ஸ்' இசைக்குழுவின் பாடகராக விளங்கி, 2007 ஜூன் 4ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் மறைந்த லோகநாதன் ஆறுமுகம் மலாயில் பாடிப் புகழ்பெற்றவர் என்பதால், அவருடைய நினைவு மலாய் இசையுலகுக்கே உரியது, தமிழருக்கு அதில் பங்கில்லை என்னும் கருத்து மலேசியத் தமிழரிடையே இன்றும் கேட்கப்படுகிறது.

பாடும் மொழியே கலைஞனின் சமூகத்தைத் தீர்மானிக்கிறது என்பதே இக்கருத்தின் அடிப்படை. லோகா எனப்பட்ட லோகநாதனும் அவருடைய அண்ணன் டேவிட்டும் 1960களின் இறுதியில் குழுவைத் தொடங்கி, 1970களில் ஹாங்காங் இரவு விடுதிகளில் ஆங்கிலப் பாடல்களைப் பாடித் தேர்ந்த பின்னரே மலாய் இசைத்தட்டுகளுக்கு வந்தனர். அந்த ஆங்கிலக் காலத்தில் அவர்களைத் தமிழரல்லர் என்று எவரும் சொன்னதில்லை. மேலும், 1970 முதல் மலாய் படிப்படியாகப் பயிற்றுமொழியானதால், பாகான் நக்கோடா ஓமாரைச் சுற்றியுள்ள வட சிலாங்கூர் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளியை முடித்த பிள்ளைகள், இடைநிலைக் கல்விக்குமுன் மொழியைச் செப்பனிட்டுக்கொள்ள ஓராண்டு பயிலும் புகுமுக வகுப்பைக் கடந்து, கணிதத்தையும் வரலாற்றையும் மலாயிலேயே கற்றனர். ஜாவா, பஞ்சார் வழிவந்தோரின் கம்பங்கள் எனப்படும் சிற்றூர்களும் சீன மீனவர் குடியிருப்புகளும் தமிழரின் தோட்டங்களும் அடுத்தடுத்து அமைந்த அவ்வட்டாரத்தில், வானொலி வழியே வந்த மலாய்ப்பாட்டை அயலார் பாட்டென்று ஒதுக்குவது அத்தலைமுறையின் இளமையில் பாதியை ஒதுக்குவதாகும்.

அப்பாட்டு மேலை இசையின் நகல் என்பது இரண்டாம் குற்றச்சாட்டு. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் 'தி ஷேடோஸ்' குழுவும் சிங்கப்பூரில் இசைத்துச் சென்றபின், மின்கிட்டாரை முதன்மையாகக் கொண்டு எழுந்த 'குகிரான்' எனப்படும் துள்ளிசைக் குழுக்களிலிருந்தே நவீன மலாய் மெல்லிசை வளர்ந்தது. தமிழ்த் திரையிசையும் கிட்டாரை ஏற்றுத் தனதாக்கிக்கொண்டதுதான். அலிகேட்ஸ் புகழ்பெற்றது கடன்பாடல்களால் அன்று, சிங்கப்பூரைச் சேர்ந்த எம். நாசிர் போன்றோர் புதிதாக இயற்றித் தந்த பாடல்களால். மலாய் இசையமைப்பாளரின் கற்பனை தமிழ்ச் சகோதரரின் குரலில் உருப்பெற்ற இக்கூட்டுப் படைப்புக்கு ஒரே இனத்தை உரிமையாளராக்க முடியாது.

தமிழுக்கு அவர் எதுவும் செய்யவில்லை என்பார்க்கும் விடையுண்டு. மேடைக்கென வேற்றினப் பெயரைச் சூடிக்கொள்ளாமல், தந்தை ஆறுமுகத்தின் பெயரோடும் தம் கறுத்த முகத்தோடும் சுருட்டை முடியோடும் நாடு முழுவதன்முன் நின்று, அதன் அன்பைப் பெற்றார் லோகா. இந்நாட்டுத் தமிழர் இசை வரலாற்றை எழுதுவோர் தமிழில் பாடியோரை மட்டும் வரிசைப்படுத்தினால், அவ்வரலாற்றில் மிகப் பரவலாகக் கேட்கப்பட்ட குரல்களுள் ஒன்று விடுபட்டுப்போகும்.