கடவுளைக் கேட்டேன், வீட்டைக் கேட்கவில்லை



சென்ற மாதம் ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதமான ஒரு தம்பி என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டார். "அண்ணை, வேறை ஒரு நகரத்திலை இறைச்சித் தொழிற்சாலையிலை வேலை இருக்காம். சம்பளம் கூட. போறதோ, இஞ்சை நிக்கிறதோ தெரியேல்லை. கடவுளின்ரை சித்தம் என்னெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"ஜெபம் பண்ணும், வழி திறக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. ஏனென்றால் இதே கேள்வியில் நானே ஒருமுறை விழுந்து எழும்பியவன். அதை மறைத்துவிட்டு அந்தப் பிள்ளைக்கு லேசான பதில் சொல்லியது சரியில்லை. ஆகவே இந்த மாதப் பக்கம் அந்தத் தம்பிக்கும், அவரைப் போல இப்போது யோசித்துக்கொண்டிருக்கிற குடும்பங்களுக்கும்.

நான் பிளாஸ்ரிக் சாமான் வார்க்கும் தொழிற்சாலையில் மெசினில் நிற்கிறவன். சில வருடங்களுக்கு முன் அங்கே வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவும் பன்னிரண்டு மணித்தியால வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மணிக்கணக்குச் சம்பளம் கூட. அந்த நேரம் என்னை இங்கே அனுப்புவதற்கு ஊரில் பட்ட கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. தங்கச்சியின் கலியாணப் பேச்சும் நடந்தது. நான் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, வெள்ளிக்கிழமைக்கு முன் சூப்பர்வைசர் தானாக வந்து என்னைக் கேட்டால் இது உம்முடைய சித்தம் என்று எடுத்துக்கொள்வேன்" என்று ஜெபித்தேன். புதன்கிழமை அவர் வந்து கேட்டார். அன்றிரவு கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரலை வைத்தேன். உழைப்பின் பலனைப் பற்றிய வசனம் ஒன்றில் விரல் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த நாளே கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கிழமை சூப்பர்வைசர் பத்துப் பேரையாவது கேட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரியவந்தது.

வெள்ளி பின்னேரம் போனால் திங்கள் காலைவரை நான் வீட்டில் நித்திரை கொள்ள மட்டும்தான். ஞாயிறு ஆராதனை இல்லை. கிழமை நாட்களில் ஓவர்ரைம் வந்தால் அதற்கும் போனேன், கடவுள் திறந்த வாசல் அல்லவா என்று. மனைவிக்கு இந்த நாட்டு மொழி தெரியாது. கையில் எட்டு மாதக் குழந்தை. வெளியே பனி. மூத்தவன் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் கீறச் சொன்னபோது என்னைக் கட்டிலில் படுத்திருக்கிறதாகக் கீறிக் கொண்டுவந்தான். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏழாவது மாதம் ஒரு திங்கட்கிழமை காலை நான் கதவைத் திறந்து வர, அடுப்பில் பால் பொங்கி வழிந்து காய்ந்துபோய்க் கிடந்தது. அவள் குசினி நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது. "என்னப்பா, என்ன நடந்தது?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நீங்கள் கடவுளிட்டைக் கேட்டனீங்கள். என்னட்டைக் கேட்டனீங்களோ? இந்த வீட்டிலை அவர் என்னோடை ஒண்டும் கதைக்க மாட்டாரோ?"

அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் நான் வேதாகமத்தை ஒழுங்காகத் திறந்து வாசிக்கத் தொடங்கினேன். விரல் வைப்பதற்கல்ல, வாசிப்பதற்கு.

எங்கள் ஊர்க் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி வைத்து, ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு எடுப்பித்துக் கடவுளின் எண்ணம் என்ன என்று பார்ப்பார்கள். இந்தப் பத்திரிகையைச் சைவக் குடும்பங்களும் வாசிக்கின்றன. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை எங்களிடம்தான். அதைப் பார்த்துத் தலையாட்டுகிற நாங்கள், வேதாகமத்தையே பூப்பொட்டலம் ஆக்கிவிடுகிறோம். வருடப் பிறப்புக்கு எடுக்கிற வாக்குத்தத்த அட்டையை வைத்து வீடு வாங்குவதா விடுவதா என்று முடிவெடுத்தவர்களை நான் அறிவேன்.

"கிதியோன் ஆட்டுத் தோலைப் போட்டு அடையாளம் கேட்டாரே" என்று சொல்வோம். நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பாருங்கள். ஒருநாள் தோல் மட்டும் நனைய வேண்டும், மறுநாள் நிலம் மட்டும் நனைய வேண்டும் என்று அவர் கேட்பது அதிகாரத்தின் கடைசியில். "நீ போய் மக்களை மீட்டுக்கொள்" என்ற கட்டளை அவருக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆகவே தோல் போட்டது கடவுளின் சித்தத்தை அறிவதற்கு அல்ல. தெரிந்ததைச் செய்யப் பயந்ததால். கடவுள் அந்தப் பயத்தைப் பொறுத்துக்கொண்டார். அதற்காக அது எங்களுக்கு ஒரு முறை ஆகிவிடாது.

சீட்டுப் போட்டதும் வேதாகமத்தில் இருக்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தார்கள். அது அப்போஸ்தலர் நடபடிகள் 1ஆம் அதிகாரம். 2ஆம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் வருகிறார். அதன் பிறகு அந்தப் புத்தகத்தில் ஓர் ஆளையோ ஒரு வழியையோ தெரிவதற்கு யாரும் சீட்டுப் போடவில்லை. 6ஆம் அதிகாரத்தில் விதவைகளுக்குச் சாப்பாடு பங்கிடுவதில் குறை வந்தபோது, சபையைக் கூட்டி, நற்பெயர் உள்ள ஏழு பேரை நீங்களே பார்த்துத் தெரியுங்கள் என்றார்கள். 15ஆம் அதிகாரத்தில் பெரிய பிரச்சினை ஒன்று வந்தபோது இருந்து பேசினார்கள், வாதாடினார்கள், அனுபவங்களைக் கேட்டார்கள். பிறகு எழுதிய கடிதத்தில், இந்த முடிவு பரிசுத்த ஆவிக்கும் தங்களுக்கும் நல்லதாகத் தெரிந்தது என்று எழுதினார்கள். ஆவியானவரும் தாங்களும் சேர்ந்து! சீட்டுப் போடுவது சுகம். இருந்து பேசுவது கஷ்டம். பேசினால் மற்றவர் "வேண்டாம்" என்று சொல்லக்கூடும். நான் மனைவியைக் கேட்காததற்குக் காரணமும் அதுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். "இது கடவுளின் சித்தம்" என்று நேரடியாகவே சொல்லும் இடங்கள் நிருபங்களில் உண்டு. பரிசுத்தமாக நடப்பது (1 தெசலோனிக்கேயர் 4:3), எல்லாவற்றிலும் நன்றி செலுத்துவது (5:18), நன்மை செய்து வாழ்வது (1 பேதுரு 2:15). எந்த ஊருக்குப் போவது, எந்தத் தொழிற்சாலையில் நிற்பது என்று ஒன்றிலும் இல்லை. நாங்கள் தெரியாததைத் தேடி ஓடுகிறோம். தெரிந்தது செய்யாமல் கிடக்கிறது. இந்த வேலையை எடுத்தால் தெரிந்ததைச் செய்ய எனக்கு நேரமும் மனமும் மிஞ்சுமா என்று கேட்டிருந்தால், எனக்குப் பாதிப் பதில் அன்றே கிடைத்திருக்கும்.

அகதிகளாகிய எங்களுக்கென்றே எழுதினதுபோல ஒரு கடிதமும் இருக்கிறது. எரேமியா 29ஆம் அதிகாரம். கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதியது. அதில் 11ஆம் வசனத்தைத்தான் நாங்கள் கலண்டரில் தொங்கவிடுவோம். மேலே என்ன இருக்கிறது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று இருக்கிறது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவர் இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று கடவுளின் பெயரால் சொன்னார். கேட்க இனிமையாக இருந்திருக்கும். எரேமியா சொன்னது எழுபது வருடம்.

அனனியாக்கள் இப்போதும் இருக்கிறார்கள். ரெலிபோனிலேயே தீர்க்கதரிசனம் சொல்லி, "உங்கட கேஸ் வெற்றி என்று கர்த்தர் காட்டினார்" என்பார்கள். புதிதாக வந்த குடும்பங்களுக்கு நான் கைகூப்பிச் சொல்வது இது: யார் எந்தத் தரிசனம் கண்டாலும், விசாரணைக்குப் போக வேண்டிய நாளில் போங்கள், மேன்முறையீட்டுத் தவணையைத் தவறவிடாதீர்கள், சட்டத்தரணியைப் பாருங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல. தோட்டம் போடச் சொன்னவர்தான் மண்வெட்டியையும் பிடிக்கச் சொல்கிறார்.

கத்தோலிக்க நண்பர் ஒருவர் எனக்குப் புனித இக்னேசியஸ் லொயோலாவைப் பற்றிச் சொன்னார். 1521இல் பம்ப்லோனா சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலுடைந்து படுக்கையில் கிடந்த போர்வீரர் அவர். தன் மனதில் வரும் எண்ணங்களில் எது பிறகு வெறுமையை விட்டுப்போகிறது, எது சமாதானத்தை விட்டுப்போகிறது என்று படுத்தபடியே கவனித்தார். பின்னாளில் அவர் எழுதிய ஆலோசனைகளில் ஒன்று, மனம் இருண்டு சோர்ந்து கிடக்கும் நேரத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்பது. எங்களைப் போன்ற தொழிலாளிகளுக்கு இது பொன்னான புத்தி. இரவுவேலை முடிந்து பஸ்ஸுக்குக் குளிரில் நிற்கும்போது வரும் எண்ணமெல்லாம் கடவுளின் குரல் அல்ல. நித்திரை கொண்டு எழும்பிப் பார்த்தால் பாதி போய்விடும்.

சரி, பிறகு நாங்கள் என்ன செய்தோம்? முதலில் மனைவியைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போனேன். பிறகு ஒரு கொப்பித் தாளில் கடன், வாடகை, தங்கச்சியின் செலவு எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து எழுதினோம். எழுதிப் பார்த்தபோது, மூன்று இரவு வேலையால் கூடுதலாக வந்த காசில் ஒரு பகுதி நாங்கள் களைப்பில் கடையில் வாங்கிச் சாப்பிட்டதிலேயே போயிருந்தது. எங்கள் சபையில் வயதான ஐயா ஒருவரிடம் இருவரும் சேர்ந்து போய்க் கதைத்தோம். அவர் வசனம் ஒன்றும் எடுக்கவில்லை. மனைவியைப் பார்த்து, "பிள்ளை, நீர் முதலில் சொல்லும்" என்றார். அவள் ஒரு மணித்தியாலம் பேசினாள். அன்றுதான் நான் பல விசயங்களை முதன்முதலாகக் கேட்டேன். பிறகு மூன்று பேரும் ஜெபித்தோம். அதன்பின் ஒரு மாதம் பொறுத்து, பகல் வேலைக்கு மாற எழுதிக் கொடுத்தேன்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. சம்பளம் குறைந்தது. கடன் முடிய இரண்டு வருடம் கூடப் பிடித்தது. தங்கச்சியின் கலியாணம் பின்போனது. அவள் சில மாதம் என்னோடு கதைக்கவில்லை. அந்த நோவு எனக்கு இன்னும் இருக்கிறது. பவுல் மக்கெதோனியாவுக்குப் போனது சரியான வழிதான். தரிசனம் கண்ட பிறகும் கூட இருந்தவர்களோடு சேர்ந்துதான் முடிவெடுத்துக் கப்பல் ஏறினார். ஆனால் பிலிப்பியில் அவருக்குக் கிடைத்தது அடியும் சிறையும். லீதியாள் என்ற அம்மாவின் வீடும் அங்கேதான் திறந்தது. ஆகவே கஷ்டம் வந்ததால் வழி பிழை என்றும் இல்லை, கதவு திறந்ததால் வழி சரி என்றும் இல்லை.

தம்பி, உமக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஜெபியும். அந்த ஊரில் வாடகை என்ன, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், ஆராதனைக்குப் போக வழி உண்டா, வேலை நிரந்தரமா என்று விசாரியும். அங்கே வேலை செய்கிற இரண்டு பேரோடு கதையும். நல்ல நித்திரைக்குப் பிறகு யோசியும். எல்லாவற்றுக்கும் முதல், இன்று பின்னேரம் உம்முடைய மனைவிக்குப் பக்கத்தில் இருந்து, "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேளும். கேட்டுவிட்டுப் பேசாமல் இரும். கடவுள் அங்கேயிருந்தும் பேசக்கூடும்.

போனாலும் நின்றாலும் ஆண்டவர் உங்களோடு வருவார். பயப்பட வேண்டாம்.

ஊரில் நடந்த இழப்புகளைக் கடவுளின் சித்தம் என்று சொல்லலாமா என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அது பாரமான கேள்வி. அடுத்த இதழில் அதைப் பற்றிப் பயத்தோடு எழுதப் பார்க்கிறேன்.