வெளியில செஞ்சா ரிஸ்க்

‘கார் சாவி தொலைஞ்சா கம்பெனிக்குத்தான் போகணும், வெளியில செஞ்சா ரிஸ்க்.’ சாவிக்குள் சிப் புகுந்த காலத்திலிருந்து இந்த வாசகம் புழங்குகிறது. சர்வீஸ் கவுன்டரில் பிறந்து, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் வளர்ந்து, இப்போது பல்லாவரம் முதல் வண்டலூர் வரை கார் வைத்திருக்கும் எவரும் யோசிக்காமல் ஒப்பிக்கிற மந்திரமாகிவிட்டது. ‘ரிஸ்க்’ என்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். திருட்டு என்பார் ஒருவர், வாரண்டி என்பார் இன்னொருவர், காரின் கம்ப்யூட்டர் எரிந்துவிடும் என்பார் மூன்றாமவர். எந்தப் பதிலும் பொருந்தாதபோது ‘ஒரிஜினல் ஒரிஜினல்தான்’ என்று முடிப்பார்கள்.

இந்த மந்திரத்துக்குக் கட்டுப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கத்தில் ஓர் இரவு போதும். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட அந்தப் பேருந்து முனையத்துக்கு மாமியாரைத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசி நிமிடத் தடுமாற்றத்தில் தண்ணீர் பாட்டிலோடு கார்ச் சாவியும் மாமியார் பைக்குள் போய்விடுகிறது. ‘மாப்ளே, சாவி எங்கிட்ட இருக்கு’ என்று போன் வரும்போது பஸ் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும். வீட்டில் இரண்டாவது சாவி இல்லை. வாசகத்தின்படி நடந்தால், மறுநாள் ஷோரூம் திறக்கும்வரை காத்திருந்து, ஸ்டீயரிங் பூட்டிக்கிடக்கிற வண்டியை டோயிங் வண்டியில் ஏற்றி, ஆர்.சி. நகல் கொடுத்து, முன்பணம் கட்டி, சாவி கிடங்கிலிருந்து வந்து சேரும் நாளை எதிர்பார்த்திருக்க வேண்டும். சாவிக்காரரைக் கூப்பிட்டால் பெருங்களத்தூரிலிருந்தோ முடிச்சூரிலிருந்தோ பைக்கில் பெட்டியோடு வருவார். கதவைத் திறந்து, புதுச் சாவியின் உலோக நாக்கை வெட்டி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியைச் செருகி, புழக்கத்திலுள்ள மாடலாக இருந்தால் அன்று இரவே வண்டியைக் கிளப்பிக் கொடுத்துவிடுவார். இதைத்தான் வாசகம் ரிஸ்க் என்கிறது.

பயத்தின் வேர், சாவிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாததில் இருக்கிறது. இன்றைய கார் சாவியில் மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள் உண்டு. பூட்டைத் திருப்பும் உலோக நாக்கு ஒன்று. கதவைத் திறந்து மூடும் ரிமோட் இன்னொன்று. இந்தியாவில் இது பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசும், காசு வடிவ பேட்டரியில் ஓடும். மூன்றாவது, அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சிப். இதற்குப் பேட்டரியே கிடையாது. இக்னிஷன் துளையைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் 125 கிலோஹெர்ட்ஸில் அனுப்பும் அலையே அதற்கு மின்சாரம். அந்தத் துளி மின்சாரத்தில் கண்விழித்து அது தன் அடையாளத்தைச் சொல்ல, கார் அதை ஏற்றுக்கொண்டால்தான் எஞ்சின் ஓடும். இந்தக் காவல் ஏற்பாட்டுக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். மூன்றும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பதால், ஒன்று கெட்டால் மூன்றும் கெட்டதாக பில் எழுதுவது சுலபம்.

அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்த 2015 டிசம்பர் போலவோ, மிக்ஜாம் புயல் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார்களை மிதக்கவிட்ட 2023 டிசம்பர் போலவோ ஒரு வெள்ளத்தில் சாவி ஊறிப்போனால் முதலில் சாவது ரிமோட்தான். சிப் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் சாவியின் பேட்டரி செத்துப்போனாலும், பல மாடல்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். கதவைத் திறக்க அந்தச் சாவியின் வயிற்றுக்குள்ளேயே ஒரு குட்டி நாக்கு ஒளிந்திருக்கிறது. காரோடு வந்த கையேட்டில் எழுதியிருக்கும் சங்கதி இது. கையேடு டேஷ்போர்டு அறையில் உறை பிரியாமல் இருக்கிறது.

இனித் திருட்டு. வெளியில் சாவி போட்டால் சாவிக்காரர் தனக்கொன்று போட்டு வைத்துக்கொள்வார், ஒரு நாள் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார் என்பது வாசகத்தின் உயிர்நாடி. வீட்டுப் பூட்டை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டைச் செய்கிறவர்தான் சாவியையும் செய்கிறார். அவரிடம் இன்னொன்று இருக்குமோ என்று பயந்து வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு யாரும் கல்யாணத்துக்குப் போனதில்லை. கார் என்று வந்ததும்தான் சாவி செய்கிறவர் சந்தேகத்துக்குரியவராகிவிடுகிறார்.

அந்தச் சந்தேகமும் தொழில்நுட்பம் தெரியாததால் வருவதே. ‘புரோகிராமிங்’ என்ற பெரிய சொல்லுக்குள் நடப்பது ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது போன்ற காரியம். எந்தெந்தச் சாவி தன்னுடையது என்று கார் தன் நினைவில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. புதுச் சாவியின் அடையாளத்தை அந்தப் பட்டியலில் ஏற்றுவதுதான் பதிவு. எல்லாச் சாவியும் தொலைந்த வேலையை, தொழிலில் ‘ஏ.கே.எல்.’ என்பார்கள், எடுத்துக்கொண்டால் பல மாடல்களில் பழைய பெயர்கள் அழிந்து, கையில் இருக்கும் சாவிகள் மட்டுமே புதிதாக ஏறும். ஆக, அத்தகைய வண்டியின் எஞ்சினைக் கிளப்புவதில் திருநெல்வேலி போன சாவி அன்று இரவோடு செல்லாக்காசு. எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதையும் பல வண்டிகளில் கருவியின் திரையிலேயே பார்க்கலாம். கையில் 2 இருக்கும்போது திரை 3 என்று காட்டினால், அங்கேயே நின்று கேள்வி கேட்கலாம். உரிமையாளர் கண்ணெதிரில், அவர் வீட்டு வாசலில் நடக்கும் வேலையில் இதைக் கேட்க முடியும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ‘வாடிக்கையாளர் உள்ளே வர அனுமதியில்லை’ என்ற பலகைக்குப் பின்னால் நடக்கும் வேலையில் கேட்க முடியாது. சிப்பை அப்படியே நகலெடுக்கும் குளோன் முறையில் மட்டும் எண்ணிக்கை கூடாது. குளோன் வேண்டாம், புதிதாகப் பதியுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஓட்டையும் அடைபடும்.

சாவியின் ரகசியத்தைக் கம்பெனி காப்பாற்றியதற்கும் சரித்திரம் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமம் உட்படப் பல கார்களில் இருந்த மெகாமோஸ் கிரிப்டோ என்ற சிப்பின் பூட்டு வலுவற்றது என்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் கண்டுபிடித்தார்கள். கட்டுரை வெளிவருவதற்குமுன், 2013-இல், ஃபோக்ஸ்வாகன் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியது. கட்டுரை வெளிச்சத்துக்கு வர 2015 ஆகிவிட்டது. அத்தனை நாளும் ஓட்டை அப்படியே இருந்தது. அடைக்கப்பட்டது ஓட்டையைச் சொன்னவர்களின் வாய். அதற்கு முன்பே, 2012-இல், பரவலாகப் பயன்பட்ட ஹிடாக்-2 என்ற இன்னொரு சிப்பை ஆறே நிமிடத்தில் உடைக்கலாம் என்று காட்டியாயிற்று. அமெரிக்காவில் நடந்தது இதைவிட வேடிக்கை. 2015-ஆம் ஆண்டு மாடல்களில் மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் அடிப்படைப் பொருத்தமாக வந்தபோது, ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில்தான் வந்தது. சில ஆண்டுகள் கழித்துப் பொடியன்கள் யு.எஸ்.பி. கேபிளின் முனையைச் செருகித் திருப்பி அந்தக் கார்களை ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சிப்பை மிச்சம் பிடித்தது எந்தத் தெருவோரச் சாவிக்காரரும் அல்ல.

தெருவில் வேலை செய்கிற எல்லாச் சாவிக்காரரும் ஆர்.சி. கேட்பதில்லை என்பது உண்மை. கேட்காதவரை விரட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் இதற்காகவே தேசிய வாகனச் சேவைப் பணிக்குழு என்ற அமைப்பு, பின்னணி சரிபார்க்கப்பட்ட சாவிக்காரர்களைப் பதிவுசெய்து, சாவிக் குறியீடுகளை அவர்களுக்கு முறைப்படி கிடைக்கச் செய்கிறது. தொழிலை ஒழிக்காமல் தொழில்காரரை அடையாளம் காணும் வழி அது.

காரின் கம்ப்யூட்டர் எரிந்துவிடும் என்பதற்கு ஒரு வரி போதும்: பதிவு நடக்கும்போது வண்டி பேட்டரி வீக்காக இருந்தால் வேலை பாதியில் நின்று சிக்கலாகும், அது ஷோரூமிலும் ஆகும்.

வாரண்டிப் பூச்சாண்டிக்குப் பதில் டெல்லியில் எழுதப்பட்டிருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தங்கள் அங்கீகரிக்கப்பட்ட கடைகளுக்கு மட்டுமே கொடுத்து வெளி மெக்கானிக்குகளை ஒதுக்குகிறார்கள் என்று 2011-இல் வந்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடியே 65 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்துசெய்யக் கூடாது, வெளி வேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்பதும் அந்த உத்தரவில் உண்டு. ஹூண்டாய் சென்னை உயர் நீதிமன்றம் போய் நின்றதால் அதன் முறை மறு ஆண்டு வந்தது: 2015 ஜூலையில் 420 கோடி ரூபாய்க்கு மேல். நிறுவனங்கள் மேல்முறையீடு, ரிட் என்று விடாமல் வழக்காடின. அந்தச் சண்டை அவர்களுடையது. ‘வெளியில் சாவி போட்டால் வாரண்டி மொத்தமும் காலி’ என்று கவுன்டரில் சொல்கிறவர், ஆணையம் கூடாது என்றதைத்தான் சொல்கிறார்.

ஒரிஜினல் என்ற சொல்லும் பாதிதான் உண்மை. கார் கம்பெனி சாவி செய்வதில்லை. பூட்டும் சாவியும் ஸ்பார்க் மிண்டா போன்ற உதிரிபாக நிறுவனங்களிலிருந்து வருகின்றன, சிப் என்.எக்ஸ்.பி. போன்ற சிப் நிறுவனங்களிடமிருந்து. மேலே கம்பெனி முத்திரை. மட்டமான சீனக் கூடுகளும் சந்தையில் இருக்கின்றன, ஆறு மாதத்தில் பட்டன் உள்ளே போய்விடும்.

சரி, கம்பெனிக்கே போகலாம். எந்தக் கம்பெனிக்கு? தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் 20 கிலோமீட்டர் அளவில் மறைமலை நகர். அங்கே கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. சேவை தொடரும் என்றார்கள், தொடரவும் செய்கிறது, ஆனால் விற்பனைக் காலத்தில் இருந்த அத்தனை கடைகளும் இன்று இல்லை. ஷெவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017-லேயே இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது. ஷெவர்லே பீட் வைத்திருப்பவரிடம் ‘கம்பெனிக்குத்தான் போகணும்’ என்பது, மூடிய பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி வரச் சொல்வதற்குச் சமம்.

இன்ஷூரன்ஸ் விஷயம் மட்டும் கவனிக்கத் தக்கது. வண்டி திருடு போனால் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு சாவியையும் கேட்கும். அதனால் சாவி தொலைந்ததும் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, புதுச் சாவிக்கான பில்லோடு சேர்த்து வைக்க வேண்டும். பில் கொடுக்காத சாவிக்காரரைக் கூப்பிட வேண்டியதில்லை. இந்த ரசீது ஷோரூமில் சாவி வாங்கினாலும் தேவைதான் என்பதைக் கவுன்டரில் யாரும் சொல்வதில்லை.

புதுக் கார் வாங்கும்போது பல நிறுவனங்கள் சாவியோடு சின்னஞ்சிறு தகடு ஒன்றையும் கொடுக்கின்றன. அதில் பொறித்திருக்கும் எண்ணை வைத்து, மூலச் சாவி இல்லாமலேயே நாக்கை வெட்டிவிடலாம். பெரும்பாலானவர்கள் அந்தத் தகட்டையும் சாவி வளையத்திலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள்.