அடுத்த நூல் எங்கே, ஐயா?

இளங்கலை முதலாண்டு வகுப்பில் நன்னூல் நடத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். கடைசி வரிசையில் ஒரு மாணவர், மேசைக்கடியில் நூலொன்றை விரித்து வைத்து உலகையே மறந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன், கல்கியின் 'பார்த்திபன் கனவு'. ஆசிரியர்க்குரிய கண்டிப்புடன் அதனை என்னிடமே வைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் வந்தார்; மன்னிப்புக் கேட்பார் என்று எண்ணினேன். "ஐயா, அந்த ஒற்றைக் கைக் காபாலிகர் யாரென்று மட்டும் பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன்" என்றார். மறுவாரம் மீண்டும் வந்தார். "அவர் கை போன கதை எந்த நூலில் இருக்கிறது, ஐயா?" என்பதே அவர் வினா. 'சிவகாமியின் சபதம்' என்றேன். அதன் 4 பாகங்களையும் படித்து முடித்த பிறகே அவர் ஓய்ந்தார்.

இதனைப் பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர் ஒருவரிடம் மகிழ்ச்சியுடன் கூறினேன். அவர் முகம் சுருங்கியது. "ஒற்றர் கதை, வேடம், சூழ்ச்சி, இவையா பிள்ளைகளுக்கு? பிறரைத் துருவி ஆராயாதீர்கள் என்பதன்றோ மறையின் கட்டளை?" என்றார். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத், 12ஆம் வசனத்தில் அவ்வாறு விலக்குவது உண்மையே. எனவே அவர் கேள்வியைப் புறந்தள்ளுதல் முறையன்று. விடை கூறுதலே கடன்.

அவ்வசனம் தீய ஐயத்தையும் புறம்பேசுதலையும் சேர்த்தே கண்டிக்கின்றது. அயலார் வீட்டுக் குறையைத் தோண்டும் இழிகுணத்தை அது தடுக்கின்றது என்பதே என் புரிதல். ஒரு சமுதாயம் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்தி அறிதல் வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் தவ்ர் குகையில் தங்கிய 3 இரவுகளை நினைவுகூர்க. அபூபக்கர் (ரலி) அவர்களின் இளம் மைந்தர் அப்துல்லாஹ் (ரலி), பகலெல்லாம் மக்கத்துக் குறைஷியரிடையே உலவி, அவர்தம் திட்டங்களைக் கேட்டறிந்து, இருள் சூழ்ந்ததும் குகைக்கு வந்து உரைத்தார். இது கதையன்று, வரலாறு. ஓர் இளைஞரின் கூர்மதி அன்று எத்துணைப் பெரும் பொறுப்பைத் தாங்கியது! வள்ளுவரும் 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே வகுத்து, ஓர் ஒற்றர் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்கச் சொன்னார். கேட்டதையெல்லாம் நம்பாதே என்னும் இப்பாடம் இன்றைய மாணவர்க்கு வேண்டாததா?

இனி நூலின்பத்திற்கு வருவோம். 1941இல் தொடங்கிய 'கல்கி' இதழில் முதலில் வெளிவந்தது 'பார்த்திபன் கனவு'. 'சிவகாமியின் சபதம்' அதன் பின்னர், 1944இல் தொடங்கியது. ஆயினும் கதைக்காலத்தால் பின்னதே முந்தியது. முன்னதில், சிவனடியார் வேடத்தில் உலவும் நடுவயது நரசிம்மவர்மரைக் காண்கிறோம். பின்னதில், அவர் தந்தை மகேந்திரவர்மர் வஜ்ரபாகு என்னும் வீரராக வேடம் புனைகிறார். கல்வி கற்கக் காஞ்சிக்கு வந்த இளைஞன் பரஞ்சோதி, நாகநந்தி கொடுத்த ஓலையை உள்ளிருப்பது யாதென அறியாமலே சுமந்து செல்கிறான். அவன் உறங்கும் வேளையில் அதனை மாற்றிவிடுபவர் வஜ்ரபாகுவே. 'மகன் போட்ட வேடம் தந்தையிடம் கற்றது!' என்று வாசகன் தானே கண்டு துள்ளும் இடம் அது. முதல் நூல் 'என்ன நடந்தது?' என்று கேட்கச் செய்கிறது. அடுத்த நூல் 'ஏன் நடந்தது?' என்று கேட்கச் செய்கிறது. இவ்விரண்டாம் கேள்வியே கல்வியின் வாயில்.

சூழ்ச்சியைக் கல்கி வெறுமனே போற்றவும் இல்லை. அத்துணைக் கூர்மதி படைத்த மகேந்திரரே பகைவனைக் காஞ்சிக்குள் விருந்தினனாக வரவழைத்துப் பெருங்கேட்டைத் தேடிக்கொள்கிறார். தன் அறிவில் தானே மயங்கியவன் வீழ்வான் என்பதை இளைஞர் உள்ளம் கதைவழியே உணர்கின்றது.

தொடர்ச்சி நூல் நமக்குப் புதிதுமன்று. சிலப்பதிகாரத்தின் கதையை மணிமேகலை தொடர்கின்றது. எட்டயபுரம் மண்ணில் அடங்கியுள்ள உமறுப் புலவர், சீறாப்புராணத்தின் 3 காண்டங்களில் நபிகளாரின் வரலாற்றை முழுவதும் பாடி முடித்தாரல்லர். எஞ்சியதைக் காயல்பட்டினம் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' எனப் பாடி நிறைவு செய்தார். 'அப்புறம்?' என்ற ஏக்கம் நம் முன்னோர்க்கும் இருந்திருக்கின்றது. அந்த ஏக்கமே நமக்கொரு காப்பியத்தை ஈந்தது. உமறுவின் அடக்கத்தலத்திற்குச் செல்வோருள் சின்னச் சீறாவைக் கையால் தொட்டவர் எத்தனை பேர்? அதனைத் தேடத் தூண்டும் வேட்கை, ஒரு கதைநூலின் அடுத்த பாகத்தைத் தேடும் வேட்கையிலிருந்தே பிறத்தல் கூடும்.

ஆதலின் பெரியோர்க்கு என் பணிவான வேண்டுகோள்: பிள்ளை கதை படிக்கிறான் என்று வருந்தற்க; படிப்பதை நிறுத்தினால் வருந்துக. ஆசிரிய நண்பர்களே, பறித்த நூலைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த நூலையும் எடுத்துக் கொடுங்கள். மாணவச் செல்வங்களே, சிவகாமியின் சபதத்தை முடித்தவர்கள் சீறாவிடம் வாருங்கள், சீறாவை முடித்ததும், "அடுத்த நூல் எங்கே, ஐயா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்காகவே காத்திருக்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும்: நன்னூல் வகுப்பில் மட்டும் மேசைக்கடியில் வேண்டாம்!