ஆடுபவரும் ஆசிரியரும்

ஸ்னூக்கருக்கும் தமிழ் மண்ணுக்கும் ஓர் உறவுண்டு. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லெய்ன் என்னும் படை அதிகாரி தொடங்கிவைத்த அவ்வாட்டத்தின் விதிகள் எழுத்து வடிவம் பெற்றது 1880களில், நம் உதகை கிளப்பில்தான். இன்று படப்பையில் ஆலைப்பணி முடித்துப் பூல் பழக விழையும் இளைஞரின் கேள்வி வேறு: கைதேர்ந்த ஆட்டக்காரரிடம் காசு கொடுப்பதா, பயிற்றுநரிடமா?

ஆட்டக்காரரின் கை அறிந்ததெல்லாம் அவர் வாய்க்கு வருவதில்லை. “இப்படி அடி” என்று அடித்துக் காட்டுவார். நம் முழங்கை ஏன் விலகுகிறது என்று பாரார். பயிற்றுநரின் கண்ணோ பந்தின்மேல் அன்று, நாம் நிற்கும் நிலையின்மேல் இருக்கும். ஆயினும் நெருக்கடியில் வெள்ளைப் பந்தை எங்கே நிறுத்துவது என்பதைப் பலமுறை ஆடித் தோற்றவரே சொல்லவல்லார்.

2003இல் தம் 18ஆம் வயதில் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்ற பங்கஜ் அத்வானியின் ஆசான் அரவிந்த் சவூர், முன்னாள் தேசிய சாம்பியன். இரண்டும் இப்படி ஒருவரிடமே வாய்ப்பது அரிது. வாய்க்காதபோது அடித்தளம் பயிற்றுநரிடம், நுட்பம் பிறகு ஆட்டக்காரரிடம் என்பதே நம் கட்சி. பிழையாய்ப் பழகிய கையைத் திருத்துவது புதிதாய்க் கற்பதினும் கடினம் அல்லவா?

முதல் நாள் அவர் தாமே ஆடிக் காட்டுகிறாரா, நம்மை ஆடவிட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். பார்ப்பவரிடம் காசைக் கொடுங்கள்.